23 நிமிடப் பாட்டுக்கு இடம் எங்கே?

நிவாரண நிதிக்காக ஒரு பாட்டுக் கொடுங்கள் என்று பாப் பாடகரிடம் கேட்டால் மூன்றரை நிமிடத்தில் ஒன்று வந்து சேரும். நெடிய, பல பாகப் பாட்டுகளுக்குப் பேர் போன ப்ரோக்ரஸிவ் ராக் (சுருக்கமாக ப்ரோக்) குழுவிடம் கேட்டால் 17 நிமிடத்தில் வரும்: மூன்று பாகம், நடுவில் புல்லாங்குழல் மட்டும் ஒலிக்கும் இரண்டு நிமிடம், கடைசியில் முதல் மெட்டு மெல்லோட்ரான் என்ற நாடாக் கீபோர்டோடு திரும்பி வரும் ஓர் உச்சம். இந்த இசையின் ரசிகர்கள் காத்திருப்பதே அந்த நீளத்துக்காகத்தான். ஆனால் நிவாரணத்துக்காகப் பல குழுக்களின் பாட்டுகளைத் தொகுக்கும் ஒரு சிடியில் 80 நிமிடம்தான் இருக்கிறது. எத்தனை குழுக்களை அழைக்கலாம், ராயல்டி எவ்வளவு வரும், வைனல் இசைத்தட்டு போட முடியுமா, சிறு புத்தகத்துக்கு எத்தனை பக்கம், எல்லாப் பாட்டின் ஒலியையும் கடைசியாகச் சீராக்கும் மாஸ்டரிங்குக்கு எத்தனை நாள் என்று எதைத் தொட்டாலும் அந்த 80 நிமிடத்தில்தான் வந்து முட்டும். ரசிகர்கள் கூடி இப்படியொரு தொகுப்பைச் செய்ய நினைத்தால் முதல் வேலை நிமிடக் கணக்கு. பெயர், அட்டைப்படம், அழைப்புக் கடிதம் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த இசைக்கும் நிவாரணத்துக்கும் உள்ள உறவு பழையது. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவை நிலநடுக்கம் குலைத்துப் போட்டபோது 'ராக் எய்ட் ஆர்மீனியா' என்ற பெயரில் லண்டனில் இசைஞர்கள் கூடினார்கள். அந்தப் பதிவில் வாசித்தவர்களில் கீத் எமர்சன், யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவையர், ரஷ் குழுவின் அலெக்ஸ் லைஃப்சன், ஜெஃப் டவுன்ஸ், டேவிட் கில்மர் என்று ப்ரோக் உலகத்தார் பலர். 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைச் சிதைத்ததை அடுத்து, அதில் பிழைத்தவர்களுக்காக ப்ரோக் பாடல்களின் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி நமக்கு இன்னும் ஆறாத காயம். நாகப்பட்டினமும் முல்லைத்தீவும் மட்டக்களப்பும் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், பிரிட்டனின் ப்ரோக் இசைஞர்கள் 'ப்ரோக்எய்ட்' என்று சேர்ந்து நிதிக்காக ஒரு பாடலைப் பதிவு செய்தார்கள்.

ரசிகர்கள் தாமாகவே பணம் திரட்டுவதும் இந்த வட்டத்துக்குப் புதிதல்ல. 1997-இல் பிரிட்டனின் மரிலியன் குழு வட அமெரிக்காவுக்கு வரப் பணமில்லை என்றதும், ரசிகர்களே இணையம் வழியாக ஏறத்தாழ 60,000 டாலர் சேர்த்து அவர்களை வரவழைத்தார்கள். கூட்டு நிதி தளங்கள் என்று எதுவுமே இல்லாத காலம் அது. இந்த வட்டத்தில் ஆர்வத்துக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. கூட்டு முயற்சிகள் நொடிப்பது கணக்கிலும் காகிதத்திலும்தான்.

முதலில் சிடியின் 80 நிமிடம். ஆதி சிடி தரம் 74 நிமிடத்துக்கானது. இன்று 80 நிமிடம் வரை அச்சிடலாம் என்றாலும், ஓரத்தை ஒட்டிப் பதியும் தட்டுகள் பழைய பிளேயர்களில் கடைசிப் பாட்டில் திக்கும். பல அச்சகங்கள் 79 நிமிடத்தைத் தாண்டினால் 'பழுதுக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளும். ஆகவே 76 நிமிடத்தை எல்லையாக வைப்பது நல்லது. அதற்குள் நன்றாகப் பொருந்தும் ஒரு பங்கீடு இது: ஒரே ஒரு நெடும்பாட்டு 19 நிமிடம், 10 நிமிடத்தில் இரண்டு, 6 நிமிடத்தில் ஆறு. மொத்தம் ஒன்பது பாட்டு, 75 நிமிடம். இடைவெளிகளுக்கு அரை நிமிடம் போனாலும் மிச்சம் இருக்கும்.

இந்தப் பங்கீட்டுக்கு இன்னொரு நன்மை உண்டு. பிறகு யாராவது வைனல் கேட்டால் இது அப்படியே இரட்டைத் தட்டில் உட்காரும். முதல் பக்கத்தில் மூன்று ஆறு நிமிடப் பாட்டுகள், இரண்டாம் பக்கத்தில் இரண்டு பத்து நிமிடப் பாட்டுகள், மூன்றாம் பக்கம் முழுக்க நெடும்பாட்டு, நான்காம் பக்கத்தில் மீதி மூன்று. எந்தப் பக்கமும் 20 நிமிடத்தைத் தாண்டாது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வரைதான் சுகமான அளவு. அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி அளவைக் குறைக்க வேண்டும், குறைத்த அளவுக்கு இரைச்சல் மேலெழும். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைவதால் உச்ச ஸ்தாயிகள் மழுங்கும். ப்ரோக் பாட்டின் உச்சம் பெரும்பாலும் கடைசியில் வருவதால், சிம்பலும் சிந்தசைசரும் முழங்கும் இடம் சரியாக அந்த மோசமான பகுதியில் போய் விழுகிறது. 1972-இல் ஜெத்ரோ டல் குழு ஒரே பாட்டை ஆல்பம் முழுவதற்கும் நீட்டியபோது, அதையும் பக்கத்துக்குப் பாதியாகப் பிரித்துத்தான் போட முடிந்தது.

நிமிட வரம்பை அழைப்புக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். 'உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை அனுப்புங்கள்' என்று அழைத்தால் ஒன்பது குழுவிடமிருந்து 120 நிமிடம் வரும். அப்புறம் இலவசமாக உழைத்தவரிடம் போய் 'நாலு நிமிடம் வெட்டுங்கள்' என்று சொல்ல வேண்டியிருக்கும். மனக்கசப்பு தொடங்குவது அங்கேதான். வரம்பு முன்பே தெரிந்திருந்தால் இசைஞர்கள் அதற்குள் அழகாக எழுதுவார்கள். நெடும்பாட்டுக்கு யார் என்பதையும் முதலிலேயே ஒருவரிடம் பேசி முடித்துவிட வேண்டும். அதைப் போட்டிக்கு விடக் கூடாது.

அடுத்தது உரிமை. ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒரு சொத்து, ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. ஒரு குழு தன் சொந்தப் பாட்டின் புதிய பதிவைத் தந்தால் பெரும்பாலும் இரண்டும் அவர்களிடமே இருக்கும். ஆனால் ஆல்பத்தில் ஏற்கனவே வந்த பதிவைத் தந்தால் அது இசைத்தட்டு நிறுவனமான லேபிளுக்குச் சொந்தமாக இருக்கலாம். பாடகர் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மனதாரச் சொன்னாலும் அந்தச் சொல்லுக்குச் சட்ட மதிப்பு இல்லை. ப்ரோக் குழுக்களில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். பத்து ஆண்டுக்கு முன் விலகிய கீபோர்டுக்காரர் எழுதிய இரண்டாம் பாகம், குழுவில் இல்லாத கவிஞர் எழுதிய வரிகள், ஒரே நாள் வந்து வயலின் வாசித்த விருந்தாளி என்று ஒரு பாட்டுக்குள் ஆறேழு கைகள் இருக்கும். ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்கியாகிவிட்டதா என்று குழுவிடமே எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். இந்தத் தொகுப்புக்கு மட்டும், தனியுரிமை இல்லாத அனுமதி. எந்த வடிவங்களில், எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, எந்த நாடுகளில் என்பது. காலம் முடிந்ததும் உரிமை தானாகத் திரும்பிவிடும் என்ற வரி. குழுவுக்கு எத்தனை இலவசப் பிரதி. அந்தப் பாட்டை அவர்கள் தங்கள் ஆல்பத்தில் எப்போதிலிருந்து வெளியிடலாம். இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால், தொகுப்பு வெளிவரும் வாரத்திலேயே அதே பாட்டு வேறெங்கோ இலவசமாகக் கிடைக்கும்.

பழைய பாட்டை ரசிகர்கள் தாங்களே வாசித்துத் தருவதாக இருந்தால், அதாவது கவர் என்றால், ஒலிப்பதிவு உங்களுடையது, மெட்டு உங்களுடையதல்ல. பிரதி எடுக்கும் உரிமைக்கு ராயல்டி கட்ட வேண்டும். நீளமான பாட்டின் விலை அமெரிக்கச் சட்டத்தில் கண்ணெதிரே தெரியும். 2006 முதல் 2022 வரை சட்டம் வகுத்த கட்டணம் ஒரு பிரதிக்கு 9.1 சென்ட், ஐந்து நிமிடத்தைத் தாண்டிய பாட்டுக்கு நிமிடத்துக்கு 1.75 சென்ட். 2023-இல் அது 12 சென்ட், நிமிடத்துக்கு 2.31 சென்ட் என்று உயர்ந்தது. அதற்குப் பின் விலைவாசியோடு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. நிமிடத்தின் ஒரு துண்டும் முழு நிமிடமாகவே எண்ணப்படும். ஜெனிசிஸ் குழு 1972-இல் வெளியிட்ட 'சப்பர்ஸ் ரெடி' சுமார் 23 நிமிடம் ஓடும். உங்கள் கவர் சரியாக 23 நிமிடத்துக்குள் முடிந்தால் 2023-இன் கட்டணப்படி பிரதிக்கு 53.13 சென்ட். ஆறு நொடி தாண்டி 23:06 ஆனால் 24 நிமிடமாகக் கணக்காகி 55.44 சென்ட். 500 பிரதிக்கு முதலாவது 265.65 டாலர், இரண்டாவது 277.20 டாலர். நாலு நிமிடப் பாட்டுக்கு அதே 500 பிரதிக்கு 60 டாலர்தான். பிரிட்டனில் கணக்கு வேறு. அங்கே முழுத் தட்டுக்கும் சேர்த்து, கடைக்குக் கொடுக்கும் விலையில் 8.5 சதவீதம் என்பது நெடுநாள் வழக்கம். பாட்டு நீண்டதால் மட்டும் தொகை ஏறாது. பிரதிகள் எந்த நாட்டில் செய்யப்பட்டு எங்கே விற்கப்படும் என்பதைப் பொறுத்து எந்தக் கணக்கு என்று தீர்மானியுங்கள்.

இரண்டு இடங்களில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று மெட்லி. மூன்று பாட்டின் துண்டுகளைக் கோத்து ஒன்பது நிமிடம் செய்தால் அது ஒரு பாட்டல்ல, மூன்று லைசென்ஸ். மெட்டின் அடிப்படையை மாற்றினாலோ வரிகளை மொழிபெயர்த்தாலோ சட்டம் தரும் தானியங்கி அனுமதி போதாது, உரியவரிடமே கேட்க வேண்டும். இன்னொன்று 'தொண்டுக்குத்தானே, ராயல்டி வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள்' என்ற நம்பிக்கை. உரிமைச் சங்கம் அந்தப் பணத்தின் சொந்தக்காரர் அல்ல, பிறருக்காக வசூலிப்பவர். தள்ளுபடி செய்ய அதற்கு அதிகாரமில்லை. மெட்டின் உரிமையைக் கையாளும் ஒவ்வொரு பதிப்பாளரும் தனித்தனியே எழுதித் தர வேண்டும். சொந்தப் பாட்டைத் தரும் இசைஞரே சங்க உறுப்பினராக இருந்தாலும் அவரும் சங்கத்துக்கு எழுத வேண்டும். பல அச்சகங்கள் இந்தக் காகிதத்தைப் பார்க்காமல் இயந்திரத்தை ஓட்டாது. இதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

இனி ஒலி. இதைத்தான் ஆற அமரப் பேச வேண்டும், ஏனென்றால் தொகுப்புகள் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கே.

ரசிகர்கள் வெவ்வேறு நாட்டில் இருந்துகொண்டு ஒரே பாட்டை வாசிக்கும்போது முதலில் தேவைப்படுவது தாளத்தைத் தட்டிக் காட்டும் கிளிக் ட்ராக்கும், தாளம் மாறும் இடங்களைக் குறித்த மிடி (கணினி படிக்கும் இசைக் குறிப்பு) வரைபடமும். ஏழரை நிமிடத்தில் 7/8-இலிருந்து 4/4-க்கும் அங்கிருந்து 9/8-க்கும் தாவும் பாட்டில், டிரம்மர் ஊகத்தில் வாசித்தால் யாராலும் அதன் மேல் வாசிக்க முடியாது. எல்லோரும் தங்கள் ட்ராக்கைப் பூஜ்ய நொடியிலிருந்தே ஏற்றுமதி செய்ய வேண்டும். கிடார் மூன்றாம் நிமிடத்தில்தான் நுழைகிறது என்றாலும் முன்னால் மூன்று நிமிட மௌனம் இருக்கட்டும். எம்பி3-ஆக யாராவது அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்த வடிவம் தொடக்கத்தில் சிறு மௌனம் ஒன்றைச் சேர்த்துவிடும், வாசிப்பு சில பத்து மில்லி நொடி பிந்தும், டிரம்ஸ் சரியாக இருந்தும் பேஸ் இழுக்கிறது என்று எல்லோரும் குழம்புவார்கள். இன்னொரு வழக்கமான விபத்து சாம்பிள் ரேட், அதாவது ஒரு நொடியில் ஒலி எத்தனை முறை அளக்கப்படுகிறது என்ற எண். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்ட்டில் மாற்றாமல் போட்டால் சுமார் 8.8 சதவீதம் வேகமாக ஓடும், ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் உயரும். வேகம் மட்டும் மாறினால் காது ஏமாறும், சுருதியும் மாறும்போது உடனே பிடித்துவிடும். ஆனால் டிரம் ட்ராக் மட்டும் இப்படி வந்தால் சுருதியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கோப்பின் சாம்பிள் ரேட்டையும் வந்த அன்றே பார்த்துப் பட்டியலில் எழுதுங்கள்.

குழுக்களிடம் கேட்க வேண்டியது மாஸ்டர் செய்யாத மிக்ஸ்: 24 பிட் வேவ் (சுருக்கப்படாத ஒலிக் கோப்பு), எந்த ரேட்டில் பதிந்தார்களோ அதே ரேட், மொத்த ஒலியின் மேல் உச்சங்களை நசுக்கும் லிமிட்டர் இல்லாமல், உச்சம் மைனஸ் 3 முதல் மைனஸ் 6 டெசிபெல் வரை. முன்னும் பின்னும் இரண்டு நொடி இடம் விடச் சொல்லுங்கள். கடைசியில் ஒலி தேய்ந்து மறையும் ஃபேடைச் செய்ய வேண்டாம், எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று நேரத்தை மட்டும் எழுதி அனுப்பட்டும். ஏற்கனவே லிமிட்டரில் நசுங்கிய பாட்டை யாராலும் மீட்க முடியாது. ஒன்பதில் ஒன்று அப்படி வந்தாலும் மற்ற எட்டையும் அதன் உயரத்துக்கு நசுக்க வேண்டிய நெருக்கடி வரும்.

எல்லாப் பாட்டையும் ஒரே எல்.யூ.எஃப்.எஸ் (ஒலியின் உரப்பு அளவு) எண்ணுக்குக் கொண்டுவந்தால் சமமாகக் கேட்கும் என்ற நம்பிக்கை ப்ரோக்கில் பலிக்காது. அந்த எண் பாட்டு முழுவதுக்குமான சராசரி. 19 நிமிடப் பாட்டில் ஆறு நிமிடம் புல்லாங்குழலும் பன்னிரண்டு கம்பி கிடாரும் மெல்ல ஓடினால் சராசரி இறங்கும். அதை ஆறு நிமிட ராக் பாட்டின் சராசரிக்கு ஏற்றினால், நெடும்பாட்டின் உச்சம் மற்றவற்றை விட இரண்டு மூன்று டெசிபெல் மேலே போய் அலறும். உச்சத்தை உச்சத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் மிக உரத்த 30 நொடியைத் தனியாக வெட்டி, ஒன்பதையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, காதால் சமன் செய்யுங்கள். பிறகு மெல்லிய பகுதிகளை மட்டும் அதே மாதிரி கோத்துக் கேளுங்கள். இசைத் தளங்கள் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் ஆல்பமாக ஓடும்போது பல தளங்கள் ஆல்பம் முழுவதையும் ஒரே அளவில்தான் ஏற்றி இறக்கும், பாட்டுகளுக்கு இடையே நீங்கள் வைத்த வித்தியாசம் அப்படியே நிற்கும். உண்மை உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மெல்லோட்ரானைப் பற்றி ஒரு வார்த்தை. எம்400 மாதிரியில் 35 கட்டைகள், ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு நாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் சுமார் எட்டு நொடி ஓடி முடிந்துவிடும், விட்டதும் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த வயலின் கோவை நீளமாக நிற்காமல் அலையலையாக வருகிறது. ஒவ்வொரு அலைக்கும் முன் நாடாவின் மெல்லிய சீறல் கேட்கும். இன்றைய மென்பொருள் மாதிரிகளும் அந்தச் சீறலைச் சேர்த்தேதான் எடுத்திருக்கிறார்கள். இந்த இசை பழகாத மாஸ்டரிங்காரர் அதை இரைச்சல் என்று எண்ணி நீக்கும் கருவியைப் போட்டுவிடுவார். சீறலோடு கோரஸின் மூச்சும் போய், நீருக்கடியில் பாடுவது போல ஆகிவிடும். 'நாடா இரைச்சலை நீக்க வேண்டாம்' என்று குறிப்பில் எழுதிக் கொடுங்கள்.

ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள் மூச்சு விடாமல் நுழையும் இடங்கள் தனிக் கவனம் கேட்கும். சிடியில் ஒரு நொடிக்கு 75 ஃப்ரேம், ஒரு ஃப்ரேமுக்கு 588 சாம்பிள். ட்ராக்கின் எல்லை ஃப்ரேமின் எல்லையில்தான் விழ முடியும். இரண்டு பாட்டையும் தனித்தனிக் கோப்பாக வெட்டி அனுப்பினால், முழு ஃப்ரேமாகாத மீதி இடத்தை மென்பொருள் மௌனத்தால் நிரப்பும், அது ஒரு 'டிக்' என்று கேட்கும். அதனால் மாஸ்டரை ஒரே நீளத் தொடராக, அச்சகத்துக்கான டிடிபி வடிவத்தில் வாங்குங்கள். கோப்பு சிதையவில்லை என்று காட்ட அதோடு வரும் எம்டி5 எண்ணை அச்சகத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். டிஜிட்டலில் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்புகள் இடைவெளி இல்லாமல் ஓடும். எம்பி3-இல் சில பிளேயர்களில் சிறு இடறல் வரும், ஒட்டி வரும் இரண்டு பாட்டையும் டிஜிட்டல் பதிப்பில் ஒரே ட்ராக்காகச் சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். 23 நிமிடப் பாட்டின் 24 பிட், 44.1 வேவ் கோப்பு சுமார் 365 மெகாபைட். தளத்தின் அளவு வரம்பில் முட்டினால் ஃப்ளாக்காக மாற்றி ஏற்றுங்கள், ஒரு பிட் கூடக் குறையாது. 16 பிட்டுக்கு இறக்குவதும் அப்போது வரும் பிசிறை மறைக்க டிதர் என்ற மெல்லிய இரைச்சலைச் சேர்ப்பதும் கடைசியில் ஒரே ஒரு முறைதான்.

வரிசை முழுக்கக் காதின் வேலை. நெடும்பாட்டை முதலில் வைத்தால் புதிதாகக் கேட்பவர் அயர்ந்துவிடுவார், கடைசியில் வைத்தால் பலர் அதுவரை வருவதே இல்லை. ஒன்பதில் ஆறாவது இடம் நன்றாக இருக்கிறது, மேலே சொன்ன வைனல் பங்கீட்டிலும் அதற்கு அதே இடம்தான். அது முடிந்ததும் ஐந்து ஆறு நொடி மௌனம் விடுங்கள். மென்பொருள் தானாக வைக்கும் இரண்டு நொடியில் அடுத்த கிடார் வந்து விழுந்தால் இருபது நிமிடம் கட்டிய கட்டடம் சரிந்துவிடும்.

அச்சு. 300 பிரதிக்குக் கீழே பெரும்பாலும் சிடி-ஆர் (வெற்றுத் தட்டு) எரித்துத் தருவார்கள், அதற்கு மேல்தான் கண்ணாடி மாஸ்டர் (அச்சுக்கு மூலமான தட்டு) வெட்டி அச்சிடுவது. சிடி-ஆர் சாயம் ஆண்டுகளில் வெளுக்கும், நினைவாக வாங்கி வைப்பவருக்கு அதைக் கொடுப்பது முறையல்ல. சொன்ன எண்ணிக்கைக்கு மேலோ கீழோ 10 சதவீதம் வரை பிரதி வரலாம், அதற்கும் பில் வரும்; ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வைனலானால் சோதனைத் தட்டை நாலு பக்கமும் தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு பேர் தனித்தனி இயந்திரத்தில் கேட்க வேண்டும். ஒரே இடத்தில் இருவருக்கும் டிக் கேட்டால் பழுது வெட்டில், ஒருவருக்கு மட்டும் கேட்டால் அந்த ஒரு தட்டில்.

அட்டையில், யெஸ் குழுவின் அட்டைகளை வரைந்த ரோஜர் டீன் பாணியில் மிதக்கும் பாறைகள் வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை இருக்கும். பாணியை நினைவூட்டலாம், குழுக்களின் லோகோ எழுத்துகளை எடுத்துப் போடக் கூடாது. ஓவியருக்கும் அதே ஒரு பக்க ஒப்பந்தம். சிறு புத்தகத்தின் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும். நீளமான வரிகளை எட்டுப் பக்கத்தில் திணிக்க எழுத்தை 6 புள்ளிக்குக் கீழே இறக்கி, இருண்ட விண்வெளி ஓவியத்தின் மேல் வெள்ளையில் அச்சிட்டால், நாலு வண்ணமும் மயிரிழை விலகினாலே எழுத்து மூடிப்போகும். வரிகளை டிஜிட்டல் கோப்பாகக் கொடுத்துவிட்டு, புத்தகத்தில் யார் என்ன வாசித்தார் என்பதைப் பெரிதாகப் போடுவது மேல். பணம் வாங்காமல் வாசித்தவருக்குக் கிடைக்கும் ஒரே கூலி அந்தப் பெயர்தான். எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று அவரவருக்கே அனுப்பிச் சரிபாருங்கள்.

பணத்துக்கு வருவோம். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ் ஹாரிசனும் ரவி சங்கரும் நடத்திய வங்கதேச நிதிக் கச்சேரியில் நுழைவுச்சீட்டுப் பணம் சுமார் 2,43,000 டாலர் விரைவில் யூனிசெஃப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரிய இசைத்தட்டு வருமானம் ஆண்டுக்கணக்கில் அமெரிக்க வரித்துறையிடம் முடங்கிக் கிடந்தது, நிகழ்ச்சிக்கு முன்பே தொண்டு அமைப்போடு முறையாக ஏற்பாடு செய்து வரிவிலக்குப் பெறாததுதான் காரணம். அமைப்பைத் தேர்ந்து, அதன் பதிவெண்ணைச் சரிபார்த்து, பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் முதல் அறிவிப்பு வெளிவர வேண்டும். பிரிட்டனில் வணிக நிறுவனம் ஒன்று தொண்டின் பெயரைச் சொல்லி விற்றால், 1992 சட்டப்படி அமைப்போடு எழுத்து ஒப்பந்தமும், எவ்வளவு போய்ச் சேரும் என்ற அறிவிப்பும் கட்டாயம்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்க்கலாம், வரி நீங்கலாக, ராயல்டி விட்டுக்கொடுக்கப்பட்ட பாட்டுகள் என்று வைத்துக்கொண்டு. 500 சிடி அச்சுக்கு 900 பவுண்டு, மாஸ்டரிங்குக்கு 300, ஆக நிலைச் செலவு 1,200. விலை 12 பவுண்டு, தபால் தனி. இணைய இசை விற்பனைத் தளமான பேண்ட்கேம்ப் சிடிக்கு 10 சதவீதம் எடுக்கும், பணப் பரிமாற்றத்துக்கு 5 சதவீதம் என்று வைப்போம், உறைக்கு அரை பவுண்டு. கையில் நிற்பது 9.70. முதல் 124 பிரதி விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். 300 விற்றால் மிச்சம் 1,710 பவுண்டு. அதே 300 பேருக்கு டிஜிட்டலாக மட்டும் 8 பவுண்டுக்கு விற்றால், தளம் 15 சதவீதமும் பரிமாற்றம் 5 சதவீதமும் போக 1,920. மாஸ்டரிங் கழித்தால் 1,620. 90 பவுண்டு வித்தியாசத்துக்காக 900 பவுண்டை முன்கூட்டிப் போடுவதா என்பது முன்பதிவைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது. இந்த வட்டத்தில் சிடி வாங்குபவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றாலும், 150 முன்பதிவு வராமல் அச்சகத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

'லாபம் முழுவதும் தொண்டுக்கு' என்ற வாசகத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. லாபம் பூஜ்யமாகவும் இருக்கலாம், வாங்குபவருக்கு அது தெரியாது. 'ஒவ்வொரு பிரதிக்கும் 5 பவுண்டு, முதல் பிரதியிலிருந்தே' என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். அப்போது செலவு திரும்ப 256 பிரதி விற்க வேண்டும். 300 விற்றால் 1,500 கட்டாயமாகப் போகும், மிஞ்சும் 210-ஐயும் சேர்த்துக் கொடுக்கலாம். பற்றாக்குறை வந்தால் யார் ஏற்பது என்பதை அமைப்பாளர்கள் தங்களுக்குள் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, பிரிட்டனில் நன்கொடைக்கு அரசு தரும் 25 சதவீத கிஃப்ட் எய்ட், பொருள் வாங்கிய விலைக்குக் கிடைக்காது. கூடுதலாகக் கொடுக்க விரும்புபவரை நேரே அமைப்புக்கே அனுப்பச் சொல்லுங்கள், ஒவ்வொரு பவுண்டும் அங்கே ஒன்றேகால் ஆகும்.

தபாலும் நிமிடம் போலத்தான், மில்லிமீட்டரில் விலை மாறும். பிரிட்டனில் 5 மில்லிமீட்டர் தடிமன் வரை சாதாரணக் கடிதம், 25 வரை பெரிய கடிதம். பிளாஸ்டிக் பெட்டி 10 மில்லிமீட்டர், ஆகப் பெரிய கடிதம். வைனல் அகலத்தாலேயே பார்சல் ஆகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2021 ஜூலை 1 முதல் எவ்வளவு சிறிய பொட்டலத்துக்கும் மதிப்புக் கூட்டு வரி உண்டு. வாசலில் வரி கேட்டால் பலர் வாங்காமல் திருப்பிவிடுவார்கள். ஒன்றியத்துக்குள் வசிக்கும் ஒருவர் மொத்தமாக வாங்கி அங்கிருந்தே அனுப்பினால் வரியும் சுங்கத் தாளும் ஒரே முறையோடு முடியும்.

விற்பனை தொடங்கி மூன்றாம் மாதத்தில் முதல் தொகையை அனுப்பி, அமைப்பு தந்த ரசீதையும் வரவு செலவையும் பிரதி வாங்கிய எல்லோருக்கும் காட்டுங்கள். விற்காத பிரதிகளை, அனுமதிக் காலம் முடியும் நாளுக்குள், இலவசப் பிரதி போதாத குழுக்களுக்கு அச்சு விலையில் கொடுக்கலாம். அவர்கள் கச்சேரி மேசையில் விற்றால் அந்தப் பிரதிக்கும் 5 பவுண்டு அமைப்புக்குப் போக வேண்டும் என்பதை அப்போதும் எழுதியே வாங்குங்கள். டிடிபி, எம்டி5 எண், மாஸ்டர் செய்யாத மிக்ஸ்கள், ஒப்பந்தங்கள் எல்லாவற்றின் நகலும் இரண்டு வெவ்வேறு வீடுகளில் இரண்டு வட்டுகளில் இருக்கட்டும்.